செரித்தல் என்னும் வினை: ஆங்கிலிக்கன் ஜெபமொழியும் தமிழாக்கமும்

ஆங்கிலிக்கன் திருச்சபையினரின் பக்தி வாழ்வு, நாள்தோறும் ஓதும் ஜெபத்தையும் முறைப்படுத்திய மறைநூல் வாசிப்பையும் அடிப்படையாகக் கொண்டது. 1549இல் வெளிவந்த பொது ஜெப நூல், சங்கீதங்கள் மாதம் ஒருமுறையும் புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டில் மும்முறையும் வாசிக்கப்படுமாறு அட்டவணை வகுத்தது. அவ்வாசிப்பு எத்தகையதாதல் வேண்டும் என்பதனை அந்நூலிலுள்ள சிறு ஜெபம் ஒன்று உணர்த்துகிறது.

திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கு உரியதாக அமைந்த அந்த ஜெபம், தாமஸ் கிரான்மர் இயற்றியதாகக் கருதப்படுவது. மறைநூலை அணுகும் முறையை அது ஐந்து வினைகளால் கூறுகிறது. கேட்டல் முதலிலும் செரித்தல் இறுதியிலும் நிற்கின்றன. எழுத்தறிந்தோர் குறைவாயிருந்த அக்காலத்தில், ஆலயத்தில் உரக்கப் படிப்பதைக் கேட்பதே பெரும்பாலோர்க்கு வாசிப்பாக இருந்தது. ஆதலின் கேட்டல் முற்பட்டமை பொருத்தமே.

ஆங்கிலத்தில் இவ்வைந்தும் ஒரே துணைவினையைச் சார்ந்து இணைநிலையில் நிற்கின்றன. தமிழில் இவற்றை இருவகையாக அமைக்கலாம். ‘கேட்டு, வாசித்து, மனங்கொண்டு, கற்றுச் செரிக்க’ என வினையெச்சங்களாய் அடுக்குவது ஒன்று. ‘கேட்கவும், வாசிக்கவும், மனங்கொள்ளவும், கற்கவும், செரிக்கவும்’ என உம்மை கொடுத்து அடுக்குவது மற்றொன்று. முன்னது தமிழுக்கு இயல்பான ஓட்டமுடையது. ஆயினும் அதில் முதல் நான்கும் இறுதி வினைக்குரிய படிகளாகிவிடுகின்றன. எழுத்தறியாதாரின் கேட்டல் முற்றுப்பெறாத செயலாகவே நின்றுவிடும். பின்னதில் ஒவ்வொரு வினையும் தனி வேண்டுதலாதலால், கேட்க மட்டுமே இயன்றவர்க்கும் அந்த ஜெபத்தில் முழு இடமுண்டு. தொடர் சற்று நீளுமெனினும், உரக்க ஓதும் ஜெபத்தில் அந்நீட்சி நின்று நினைக்க இடந்தருகிறது.

இறுதி வினையும் ஆராயத்தக்கது. ‘தியானித்தல்’ எனின் உணவு பற்றிய உருவகம் மறைகிறது. ‘உள்வாங்குதல்’ எனின் மங்குகிறது. ‘அசைபோடுதல்’ முதல் மாணாக்கர்க்குப் பசுவை உவமை கூறும் நன்னூல் மரபுக்கு அணுக்கமானது. ஆனால் அசைபோடுதல் செரித்தலுக்கு முந்திய செயல். உண்டது உடலோடு ஒன்றாகும் நிலையை அது சுட்டாது. ‘உள்ளத்தில் செரித்தல்’ என்பது செவிக்குச் சிறிது புதிதாயினும் பொருளை முழுமையாகத் தாங்குகிறது.

இங்கிலாந்துத் திருச்சபையின் 2000ஆம் ஆண்டு வழிபாட்டு நூல் இந்த ஜெபத்தை வேறொரு ஞாயிற்றுக்கு மாற்றியபோதும் ஐந்து வினைகளையும் காத்துக்கொண்டது. தமிழாக்குவோரும் சுருக்கம் கருதி அவற்றுள் ஒன்றையேனும் விடுதல் தகாது. நிதானமாக வாசிக்கும் பயிற்சியை இந்த ஜெபம் தன் தொடரமைப்பினாலேயே கற்பிக்கிறது.