போரும் அடுப்படியும்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய நம் அறிவு பெரும்பாலும் தளபதிகளின் பெயர்களோடும் போர்க்களங்களின் பெயர்களோடும் நின்றுவிடுகிறது. துப்பாக்கி ஏந்தாத எளிய மக்கள் அந்த ஆண்டுகளை எவ்வாறு கழித்தனர் என்பதை அறிய நமக்கு இரு வாயில்கள் உள்ளன. ஒன்று, தமிழில் வந்துள்ள சில நூல்கள். மற்றொன்று, வீட்டுப் பெரியோர் சொல்லிச் சென்ற கதைகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் அந்நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து தாயகம் திரும்ப முற்பட்டனர். அவர்களுள் ஒருவர், இரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா. அவருடைய பர்மா வழிநடைப் பயண நூல், அவர் 1978-இல் மறைந்த பின்னரே வெளிவந்தது. உலக நாடுகளின் அரசியலை எழுதிப் பழகிய கை, இங்கே நடந்து களைத்த சாதாரண மனிதரின் அன்றாடத்தை எழுதுகிறது. அந்த அடக்கமே நூலின் வலிமை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) வேறு வகையானது. ஜப்பானியர் மெடான் நகருக்குள் நுழையும் நாளில் தொடங்கும் இந்நாவலின் மொழிவீச்சைத் திறனாய்வாளர் பலர் போற்றியுள்ளனர்; அப்போற்றுதல் தகுதியுடையதே. ஆயினும் அது கடல் கடந்த ஆடவரின் உலகம். தாயும் மனைவியும் அங்கே பெரும்பாலும் நினைவாகவே வருகின்றனர். ஊரில் அவர்கள் அடுப்பை எவ்வாறு எரியவைத்தனர் என்று நாவல் கேட்பதில்லை.

அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' (1959) அளவிலும் வீச்சிலும் சிறியது. ஆனால் நம் நோக்கத்திற்கு அதுவே நெருக்கமானது. படையில் சேர்ந்து திரும்பிய இளைஞனுக்குத் தம் மகளைக் கொடுக்க வணிகரான பெரியவர் மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை இனிக் கடைக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. போர் ஓய்ந்த பின்னும் ஒரு வீட்டின் திருமணப் பேச்சுக்குள் அது புகுந்து இரு உள்ளங்களைப் பிரிக்கிறது. குடிமக்களின் போர் என்பது இதுதான்.

பருத்திக்கும் பனியனுக்கும் பெயர்பெற்ற நம் திருப்பூர்ப் பகுதியில் குண்டு விழவில்லை. இங்குள்ள வீட்டுக் கதைகளில் போர் பெரும்பாலும் 'கண்ட்ரோல்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. ஆலைகள் இராணுவத் தேவைக்கு ஓடின. துணி விலை ஏறியது. 1943-இல் அரசு பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்து உச்ச விலையை வரையறுத்தது. கைத்தறியாளர் நூல் கிடைக்காது தவித்தனர். பஞ்சு விளைந்த மண்ணிலேயே மாற்றுச் சேலைக்கு ஏங்கிய பெண்களின் கதையை எழுத ஒரு சர்மாவோ சிங்காரமோ இங்கே வாய்க்கவில்லை.

வீட்டுக் கதைக்கும் குறையுண்டு. அது ஆண்டை மறக்கும்; ஒருவர் பட்ட துன்பத்தை மற்றொருவர் மேல் ஏற்றும்; குடும்பத்திற்கு இழுக்கு என்று கருதியதைச் சொல்லாமல் விடும். பதுக்கலால் ஆதாயம் கண்ட வீடுகள் தம் பேரப்பிள்ளைகளுக்கு அதைக் கதையாகச் சொல்வது அரிது. ஆகவே நூலைக் கொண்டு கதையின் ஆண்டைத் திருத்துவதும், கதையைக் கொண்டு நூலின் மௌனத்தை நிரப்புவதும் வாசகரின் கடமையாகிறது.

1942-இல் 10 வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று 90-ஐக் கடந்திருப்பார். அத்தகையோர் நம் தெருவில் ஒருவரேனும் இருப்பின், அருகமர்ந்து, என்ன உண்டீர்கள், எதை உடுத்தீர்கள், யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று கேட்போம். அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் அவர் சொன்னபடியே எழுதி வைப்போம். இலக்கியமாக்கும் பணியைப் பின்னர் வருவோர் பார்த்துக்கொள்வர்.