'நைட்மேர்': சொற்பிறப்பும் மொழிபெயர்ப்பும்

கூட்டுச்சொல்லின் உறுப்புகளுக்கு இன்றுள்ள பொருளைக் கொண்டே அதன் பிறப்பை விளக்க முற்படுவது சொற்பிறப்பாய்வில் அடிக்கடி நேரும் பிழையாகும். ஆங்கில 'நைட்மேர்' இதற்குத் தக்க சான்று. 'நைட்' இரவையும், 'மேர்' இன்றைய வழக்கில் பெண்குதிரையையும் குறிக்கும். ஆகவே இதனை 'இரவுக் குதிரை' எனப் பிரித்துப் பொருள் காண்போர் உளர். இவ்விளக்கம் பொருந்தாது.

பழைய ஆங்கிலத்தில் பெண்குதிரைக்கு 'மெரெ' என்பதும், உறங்குவோர் மார்பின்மேல் ஏறி அமுக்கும் பேய்க்கு 'மரெ' என்பதும் வெவ்வேறு சொற்கள். பழைய நார்ஸ் மொழியின் 'மரா' பின்னதன் இனச்சொல்லாகும். பிரெஞ்சு 'கோஷ்மார்' என்பதன் ஈற்றுறுப்பும் இப்பேயையே குறிக்கும். அதன் முன்னுறுப்பு மிதித்தல், அமுக்குதல் என்னும் பொருளுடையது. காலப்போக்கில் ஆங்கிலத்தின் இவ்விரு சொற்களும் ஒலியால் ஒன்றாயின. பேயைக் குறித்த சொல் தனித்து வழங்குவது அருகவே, கூட்டுச்சொல்லுக்குள் குதிரை புகுந்தது.

எனினும், மக்கட் சொற்பிறப்பைப் பிழையென ஒதுக்குவதோடு ஆய்வு முடிந்துவிடாது. டச்சு மொழியில் இச்சொல்லின் ஈற்றுறுப்பு, பெண்குதிரையைக் குறிக்கும் 'மெரி' என்றே வடிவம் திரிந்துள்ளது. பிழையான விளக்கமும் மொழியின் வரலாற்றில் ஓர் ஆற்றலாகச் செயற்படும் என்பதற்கு இது சான்று. ஃபியூசெலி 1781-இல் இதே பெயரில் தீட்டிய ஓவியத்தில், உறங்கும் பெண்ணின் மார்பில் பேய் அமர்ந்திருக்கிறது. திரைக்கு அப்பாலிருந்து குதிரைத் தலை நோக்குகிறது.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியது பொருள் வரலாறு. தமிழில் இச்சொல்லுக்குக் 'கொடுங்கனவு' என எழுதுவது பெருவழக்கு. ஆனால் 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, இரவில் மார்பைப் பாரம்போல் அழுத்தும் நோய்நிலை என்றே பொருள் கூறுகிறது. சொற்பிறப்பில் பேயைச் சுட்டுகிறது. கனவு என்னும் பொருள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. எனவே 18-ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலில் வரும் இச்சொல்லைக் 'கொடுங்கனவு' என்பது காலவழுவாகும். நாட்டார் நம்பிக்கையைக் கூறும் இடமாயின், தமிழ்ப் பேச்சுவழக்கிலுள்ள 'அமுக்குவான் பேய்' மிகப் பொருந்தும். அதனையே இக்காலப் புதினத்தின் பெயர்ப்பில் கையாண்டால் எதிர்த்திசைப் பிழை நேரும்.

சொல்லின் பிறப்பு அதன் எல்லாக் காலப் பொருளுக்கும் அளவுகோலன்று. இன்றைய பொருளும் பிறப்புக்குச் சான்றாகாது. எனவே பெயர்ப்புக்குரிய சொல்லைத் தேர்வதற்குமுன், மூலத்தின் காலத்தையும் துறையையும் வரையறுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.