காகித மடிப்பு நூல்களின் மொழி

0. முன்னுரை

கதை நூலின் மொழிபெயர்ப்பில் ஒரு தொடர் பிறழ்ந்தால் சுவை குன்றும். சிறுவர்க்கான காகித மடிப்பு நூலில் ஒரு தொடர் பிறழ்ந்தால் கொக்கு உருவாகாது. ஒரிகாமி எனப்படும் ஜப்பானிய மடிப்புக்கலை நூல்களைத் தமிழாக்குவதில் எழும் சொல், தொடர் சார்ந்த சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. படமும் சொல்லும்

1797இல் ஜப்பானில் வெளிவந்த 'ஹிடென் செம்பசுரு ஒரிகதா' 49 கொக்கு வடிவங்களைக் கொண்டது. அது பெரும்பாலும் காகிதத்தை வெட்டும் முறையையும் முடிவுற்ற உருவையும் மட்டுமே தருகிறது. இடைப்பட்ட படிகளைக் கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் முறையை அகிரா யோஷிசாவா (1911-2005) வகுத்தார். அவரது 1954ஆம் ஆண்டு நூல் அதனைப் பரப்பியது. ராபர்ட் ஹார்பின், சாமுவேல் ராண்ட்லெட் ஆகியோரின் ஆங்கில நூல்கள் வழி அது உலகப் பொதுமுறையாயிற்று. இதனால் இந்நூல்களுக்கு மொழி தேவையில்லை என்ற கருத்து எழக்கூடும். ஆனால், குறியீட்டைப் படிக்கப் பழகாத சிறுவர்க்குப் படத்தின் கீழுள்ள தொடரே வழிகாட்டி.

2. கலைச்சொற்கள்

ஜப்பானிய மொழியின் 'யாமா ஒரி', 'தானி ஒரி' என்பன ஆங்கிலத்தில் 'மவுண்டன் ஃபோல்டு', 'வேலி ஃபோல்டு' ஆயின. இவற்றை 'மலை மடிப்பு', 'பள்ளத்தாக்கு மடிப்பு' என மொழிபெயர்ப்பது சொல்லளவில் சரியே. எனினும், 'மேடு பள்ளம்' என்ற இணை தமிழ்ச் சிறுவரின் நாவில் ஏற்கெனவே உள்ளது. 'மேட்டு மடிப்பு', 'பள்ள மடிப்பு' என்பன சுருக்கமும் தெளிவும் உடையன.

இங்கு வேறொரு சிக்கலும் உண்டு. காகிதத்தைத் திருப்பினால் மேடு பள்ளமாகிவிடும். எனவே இச்சொற்கள் நிலையைக் குறிப்பனவே அன்றிச் செயலைக் குறிப்பன அல்ல. கோட்டுப்படத்தை விளக்க இவை பொருந்தும். செய்முறை கூறுமிடத்து 'முன்பக்கமாக மடி', 'பின்பக்கமாக மடி' என்பனவே ஏற்றவை.

கலைச்சொல்லைப் படிப்பவரே தீர்மானிக்கிறார். த. சுந்தரராவ் 1893இல் சென்னையில் வெளியிட்ட ஆங்கில நூல், மழலையர் கல்வியின் காகித மடிப்பிலிருந்து கருத்தைப் பெற்றதாயினும், வடிவகணிதம் பயில்வோர்க்கு உரியது. அதனைத் தமிழாக்கினால் 'மூலைவிட்டம்' இன்றியமையாதது. ஆறு வயதுக் குழந்தைக்கோ 'மூலைக்கு மூலை' என்பதே போதும்.

'ஃபோல்டு' என வருமிடமெல்லாம் 'மடி' என எழுதுவதும் குறையே. மடக்கு, செருகு, பிரி, நீவு எனத் தமிழில் கைவினைச் சொற்கள் பல உள்ளன. சேலை கட்டுவதைக் காணும் குழந்தைக்குக் 'கொசுவம்' என்ற ஒரு சொல் அடுக்கு மடிப்பை முழுதும் விளக்கிவிடும்.

3. தொடரமைப்பு

ஆங்கில ஏவல் தொடர் வினையில் தொடங்குகிறது. அவ்வொழுங்கைப் பின்பற்றி, 'மேல்முனையை மடிக்கவும், அது கீழ்முனையைத் தொடும்படியாக' என எழுதினால், எதுவரை மடிப்பது என அறியுமுன்பே கை மடித்துவிடும். தமிழும் ஜப்பானிய மொழியும் வினையை இறுதியில் கொள்பவை. 'மேல்முனையைப் பிடித்து, கீழ்முனையோடு பொருத்தி, மடிப்பை நீவு' என்னுமிடத்துச் சொல்லின் வரிசையும் கையின் வரிசையும் ஒன்றாகின்றன. வினையெச்சம் இங்குத் தமிழின் வலிமை.

பெயரெச்சமோ இடர் தருவது. 'முன்னர் மடித்துப் பிரித்த கோட்டின்மீது படியுமாறு வைக்கப்பட்ட வலப்புற அடுக்கின் முனையை' என நீளும் தொடரில், குழந்தை எதைப் பிடிப்பது என அறியக் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தொடருக்கு ஒரு மடிப்பு என்ற வரையறை இதனைத் தவிர்க்கும்.

ஏவல் வடிவமும் கருதத்தக்கது. 'மடிக்கவும்' என்பது அறிவிப்புப் பலகையின் குரல். 'மடி' என்பது அருகில் அமர்ந்து கற்பிப்பவரின் குரல். ஒரே நூலில் இரண்டும் கலந்து வருதல் பொருந்தாது.

4. முடிவுரை

கத்திக்கப்பலை மடிக்கத் தமிழ்ச் சிறுவர் நூலை நாடுவதில்லை. அது கை பார்த்து, வாய்ச்சொல் கேட்டு வருவது. அவ்வாய்ச்சொல்லே மொழிபெயர்ப்பாளர்க்கு முதற்சான்று. தாம் எழுதிய தொடரை ஒருவர் படிக்கக் கேட்டு, படத்தைப் பாராது தாமே மடித்துப் பார்ப்பது இரண்டாவது சோதனை. கை எங்குத் தயங்குகிறதோ அங்கே திருத்தம் வேண்டும்.