‘ஏற்றுக்கொள்ளப்படும்’ – யாரால்? கிரெடிட் மாற்றமும் மருத்துவக் கனவும்



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கல்விக் கண்காட்சிக்குப் போகிற மாணவர்கள் பை நிறையக் கையேடுகளோடுதான் திரும்புவாங்க. அந்தக் குவியலிலிருந்து அமெரிக்கப் பட்டப்படிப்பு மாற்றுத் திட்டத்தைப் பற்றிய ஒன்றை எடுங்கள். முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டு இங்கேயே, மீதி அமெரிக்காவில். செலவு பாதியாகக் குறையும். ‘இங்கே படித்த கிரெடிட்டுகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஏற்றுக்கொள்ளப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். கொஞ்சம் கீழே ‘ப்ரீ-மெட்’ என்று ஒரு சொல், பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பிள்ளையின் படம்.

நாம் தமிழாசிரியர்கள்தானே, அந்த வரியை இலக்கணத்தோடு படித்துப் பார்ப்போம். ‘ஏற்றுக்கொள்ளப்படும்’ என்பது செயப்பாட்டு வினை. ஏற்றுக்கொள்வது யார்? மூன்றாம் வேற்றுமை உருபு ‘ஆல்’ வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. ‘பல்கலைக்கழகங்களில்’ என்று இடத்தைச் சொன்னாங்க, ஆளைச் சொல்லவில்லை. படிக்கிற பெற்றோர் அந்தக் காலி இடத்தில் தாங்களாகவே ‘மருத்துவக் கல்லூரியால்’ என்று நிரப்பிக்கொள்கிறார்கள். கையேடு பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலி இடம் கையேட்டுக்கு வசதியாக இருக்கிறது.

முதலில் ‘ப்ரீ-மெட்’. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், ஏ லெவல் முடித்ததும் நேராக ஐந்தாண்டு மருத்துவப் படிப்பில் சேரலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. நான்காண்டுப் பட்டப்படிப்பு முதலில், நான்காண்டு மருத்துவப் பள்ளி பிறகு. ‘ப்ரீ-மெட்’ என்பது பட்டமும் இல்லை, இடத்துக்கு உத்தரவாதமும் இல்லை. மருத்துவப் பள்ளி கேட்கும் பாடங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று மாணவர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பெயர், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் காலி இடத்துக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் உங்கள் கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிறது என்றால், அதன் பட்டத்துக்கு வேண்டிய ஏறக்குறைய 120 கிரெடிட்டில் இத்தனையை நீங்கள் முடித்துவிட்டதாக அது ஒப்புக்கொள்கிறது என்று பொருள். இது உண்மையான நன்மை. பொறியியல், வணிகம், கணினி படிக்கிறவர்களுக்கு இது போதும், இந்தத் திட்டத்தால் நல்லா வந்த பிள்ளைகள் நிறைய. இவர்கள் விஷயத்தில் கையேட்டோடு எனக்குச் சண்டையே இல்லை.

மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைக்கு மட்டும் இன்னொரு வாசல் இருக்கிறது. எம்.டி. பட்டம் தரும் பெரும்பாலான பள்ளிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்துவது அது. மாணவர் படித்த ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, மொத்தப் புள்ளிச் சராசரி ஒன்றும், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்கு மட்டும் தனிச் சராசரி ஒன்றும் அது கணக்கிடுகிறது. தேர்வுக்குழு முதலில் பார்க்கிற எண்கள் இவை. வெளிநாட்டுக் கல்விக்கூடத்தின் பட்டியலை ஆம்காஸ் சரிபார்ப்பதில்லை. அங்கே வாங்கிய தரங்கள் அந்தச் சராசரியில் சேராது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும் மாற்றி வந்த பாடத்துக்குப் பொதுவாகக் கிரெடிட் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், தரம் இருக்காது.

இதன் விளைவை ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். இங்கே இரண்டு ஆண்டில் பொது வேதியியல், பொது உயிரியல், இயற்பியல், கணிதம் எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். 60 கிரெடிட்டும் மாறிவிட்டது. அமெரிக்காவுக்குப் போய் மூன்றாம் ஆண்டில் கரிம வேதியியல், உயிர்வேதியியல், மரபியல் என்று கடினமான பாடங்களாக எடுக்கிறாள். புது ஊர், புதுக் குளிர், புது ஆய்வுக்கூடம். முதல் பருவத்தில் இரண்டு ‘பி’ வருகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ‘பி’க்களைத் தாங்கிப் பிடிக்க முதல் இரண்டு ஆண்டின் ‘ஏ’க்கள் பின்னால் இருக்கும். இவளுக்கு? அந்த ‘ஏ’க்கள் கணக்கிலேயே இல்லை. அறிவியல் சராசரி முழுவதும் கடைசி இரண்டு ஆண்டின் தோளில் நிற்கிறது. விண்ணப்பம் வேறு, மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு அனுப்ப வேண்டியது. அப்போது அவள் கையில் அமெரிக்கத் தரம் இரண்டே பருவத்துக்குத்தான் இருக்கும்.

இதுக்கு மேலே மருத்துவப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் தன் விதி. பல பள்ளிகள் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய அடிப்படைப் பாடங்களை ஆய்வுக்கூடத்தோடு அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்கின்றன. சில பள்ளிகள் குறைந்தது ஓராண்டு அங்கே படித்திருந்தால் போதும் என்கின்றன, சில அதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன. சிலவற்றில் அடிப்படைப் பாடம் வெளிநாட்டில் முடித்திருந்தாலும் அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றை அங்கே எடுத்துக் காட்டினால் ஒத்துக்கொள்வாங்க. எம்.டி. பள்ளிகள் 150க்கும் மேல் இருந்தாலும் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்கிற பள்ளிகளிலும் சில, ஓராண்டிலிருந்து நான்காண்டு வரையிலான கட்டணம் கையில் இருப்பதாக முன்கூட்டியே காட்டச் சொல்லும். அமெரிக்க அரசின் கல்விக் கடன் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. ‘செலவு பாதி’ என்ற வரிக்குப் பக்கத்தில் இதையும் அச்சடித்திருந்தால் அந்தக் கையேட்டை நானே வகுப்பில் விநியோகித்திருப்பேன்.

என் குறை இதுதான்: இங்கே மலிவாக முடியும் என்று கையேடு காட்டுகிற பாடங்கள்தான் மருத்துவப் பள்ளி ‘அங்கே படி’ என்று கேட்கிற பாடங்கள். சேமிப்பும் ஆபத்தும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கையேடு சேமிப்பை மட்டும் தடித்த எழுத்தில் போடுகிறது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கு. வரலாறு, சமூகவியல், விருப்பப் பாடங்கள் போன்றவற்றை இங்கே முடித்து, ஆய்வுக்கூட அறிவியலை முடிந்த அளவு அங்கே வைத்துக்கொள்ளலாம். சீக்கிரமாகவே மாறிப் போவது செலவைக் கூட்டும், ஆனால் கணக்கில் சேரும் தரங்களும் கூடும். எம்கேட் தேர்வு (472 முதல் 528 வரை புள்ளி) எல்லாருக்கும் ஒரே அளவுகோல். சராசரியில் பாதிப் படிப்பு காணாமல் போன பிள்ளைக்கு அதன் கனம் இன்னும் அதிகம். சிங்கப்பூரில் டியூக்-என்.யு.எஸ். பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்பை நடத்துகிறது. ‘முதலில் பட்டம், பிறகு மருத்துவம்’ என்ற வழி பிடித்திருந்தால் அதையும் பட்டியலில் வையுங்கள்.

கடைசியில் ஊருக்குத் திரும்பும்போது இன்னொரு ‘யாரால்?’ காத்திருக்கிறது. பட்டத்தை அங்கீகரிப்பது மலேசியாவில் மலேசிய மருத்துவ மன்றம், சிங்கப்பூரில் சிங்கப்பூர் மருத்துவ மன்றம். சிங்கப்பூர் தன் பட்டியலில் இருந்த 160 வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளை 2020 ஜனவரி முதல் 103ஆகக் குறைத்தது. பட்டியல்கள் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி. நடப்புப் பட்டியலை மன்றத்தின் பக்கத்திலேயே பாருங்கள், முகவர் நீட்டுகிற நகலை நம்பாதீங்க.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. கருத்துணர்தல் பயிற்சிக்கு இப்படி ஒரு கையேட்டையே பனுவலாகக் கொடுங்கள். செயப்பாட்டு வினை வருகிற வரிகளுக்கு அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றையும் செய்வினையாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். எழுவாய் கிடைக்காத வரிகளை மாணவர்கள் கேள்வியாக மாற்றட்டும். மருத்துவத்துக்குப் போக நினைக்கிற பிள்ளை அந்தக் கேள்விகளை மருத்துவப் பள்ளியின் சேர்க்கைப் பிரிவுக்கே அனுப்பட்டும்: “மலேசியக் கல்லூரியில் படித்து, அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிய பொது வேதியியலை, உங்கள் நிபந்தனைப் பாடமாக நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? அந்தப் பாடம் எந்தக் கல்விக்கூடத்தின் பட்டியலில் தரத்தோடு இருக்க வேண்டும்?” பதில் எழுத்தில் வரட்டும். அதற்குப் பிறகு முன்பணம் கட்டலாம்.