பலகையின் நடை

காலுக்கும் எழுத்துக்கும் 'நடை' என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஸ்கேட்போர்டு என்கிற நான்கு சக்கரப் பலகையின்மீது கால் உண்டாக்கும் நடையைப் பற்றி யோசிக்க இந்தச் சொல் வசதியாக இருக்கிறது. அந்த நடை உருவானதில் போட்டிகளைவிட வீடியோ காஸெட்டுகளுக்கே பங்கு அதிகம்.

1984இல் ஸ்டேஸி பெரால்டா எடுத்த 'தி போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ' ஒரு பலகைக் கம்பெனியின் விளம்பரம்தான். 1991இல் ஸ்பைக் ஜோன்ஸின் 'வீடியோ டேஸ்' வந்தபோது விளம்பரத்துக்குள்ளிருந்து ஒரு கலை உருவம் திரண்டுவிட்டது: ஆளுக்கொரு பகுதி, பகுதிக்கொரு இசை. மார்க் கொன்ஸாலஸ் அதில் ஜான் கோல்ட்ரேனின் ஸாக்ஸஃபோனோடு போகிறார். ஒரு வித்தைக்கும் அடுத்த வித்தைக்கும் நடுவே அவர் கைகள் தொங்கும் விதத்தில்தான் நம் கண் தங்குகிறது. 1992இன் 'க்வெஸ்ச்சனபிள்' ராட்னி முல்லனின் சமதள நுணுக்கங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1996இல் டான் வுல்ஃபின் 'ஈஸ்டர்ன் எக்ஸ்போஷர் 3'இல் ரிக்கி ஒயோலா ஃபிலடெல்ஃபியா தெருக்களில் வெட்டில்லாமல் தொடர்ந்து போகிறார்; வெறுமனே காலால் தரையைத் தள்ளுவதும் நடையின் அங்கமாகிவிடுகிறது.

இதைச் சாத்தியமாக்கியது காமிரா இருந்த இடம். படமெடுப்பவனும் பலகையில் குனிந்தபடி பின்தொடர்கிறான். மீன்கண் லென்ஸ் முழங்காலுக்குக் கீழே ஓடுகிறது. படிக்கட்டு உயர்ந்து, நெருங்கும் உடம்பு பெருத்துத் தெரிகிறது. எடுப்பவன், ஆடுபவன், பார்ப்பவன் எல்லோரும் ஒரே சிறு வட்டம். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வித்தையின் எண்ணிக்கையைத் தாண்டிய ரஸனை இத்தகைய வட்டத்தில்தான் பிறக்கிறது.

நம் கடற்கரைக்கும் பலகை வந்துவிட்டது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் குழந்தைகள் ஆடுகிறார்கள். மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியையும் அவள் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி', 2020இல் பாஃப்டாவின் பிரிட்டிஷ் குறும்படப் பரிந்துரையில் இடம்பெற்ற ஐந்து படங்களில் ஒன்று. பரிசு பெற்றதும் ஒரு ஸ்கேட்போர்டு படமே: காபூல் சிறுமிகளைப் பற்றியது. அதே ஆண்டு ஆஸ்காரையும் அது வாங்கிற்று. இவை நேர்மையான படங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இவற்றில் பலகை விடுதலைக்கு ஒரு குறியீடு, நடைக்குக் கருவியாவதில்லை. படம் முடிந்தபின் அந்தப் பெண் எந்தக் காலை முன்வைக்கிறாள் என்று எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

கமலி வெறுங்காலோடு ஆடும் காட்சியை உலகம் ரசித்தது. ஏழ்மையைப் பார்த்தார்கள், துணிச்சலைப் பார்த்தார்கள். காலைப் பார்த்தார்களா? பலகையோடு துள்ளி எழும் அடிப்படை வித்தையே, உப்புத்தாள் போன்ற அதன் மேற்பரப்பில் ஷூவின் பக்கவாட்டைத் தேய்த்து இழுப்பதில் இருக்கிறது. வெறுங்கால் அப்படித் தேய்க்க முடியாது. வேறு விதமாகத்தான் பற்றியாக வேண்டும். வேறொரு நடைக்கான வித்து அங்கே இருக்கிறது. அனுதாபத்தின் கண்ணுக்கு அது படுவதில்லை.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த இழப்பு பழக்கமானது. 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்கியவர்களைப் பற்றிச் சர்க்கார் கணக்கு வைத்திருந்தது: எத்தனை சிப்பி, சர்க்கார் பங்கு எவ்வளவு, ஏலத்தில் என்ன விலை. கடலடியில் ஒருவனின் கை துழாவிய விதம் இன்னொருவனின் கையிலிருந்து எப்படி வேறுபட்டது என்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அது பக்கத்தில் மூழ்கியவனுக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

இன்று காமிராவுக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒன்று இருக்கிறது. பின்னாலேயே பலகையில் குனிந்து வரும் கண்தான் தேவை. அந்த வெறுங்கால் பலகையின் எந்த இடத்தில் ஊன்றுகிறது என்பதை முதலில் காட்டட்டும். விடுதலையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.