உள்ளே புதைந்த கணக்கு

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. சிறு துணித்துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்துத் தைக்கும் குவில்ட் என்ற போர்வைகளை அங்கே ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டினார்கள். ஜொனாதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்தவை அவை. போர்வைகள் நவீன அருவ ஓவியத்துக்கு இணையாகப் பேசப்பட்டன. தைத்த பெண்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை.

1973இல் பாட்ரிசியா மைனார்டி இந்தப் பார்வையைக் கடுமையாக விமர்சித்தார். குவில்ட் பெண்கள் அறிந்தே உருவாக்கிய கலை என்பது அவர் வாதம். நான் அவர் பக்கம். என் கேள்வி அதிலிருந்து தொடங்குகிறது: அறிந்தே என்றால், எதை அறிந்து?

சுவரில் தெரிவது நிறம். அதைப் பார்த்து 'நல்ல கண்', 'இயல்பான ரசனை' என்று பாராட்டிவிடலாம். ஆனால் குவில்ட்டில் அடிக்கடி வரும் முக்கோணத்தை ரசனை மட்டும் வைத்துத் தைக்க முடியாது.

துணியைப் பாவு நூலின் போக்கில் வெட்டினால் ஓரம் இழுபடாது. மூலைக்கு மூலை வெட்டினால் இழுபடும். கிராஸ் கட் பிளவுஸ் தைத்தவர்களுக்கு இது தெரியும். உடம்போடு பொருந்த அங்கே உதவும் அதே இழுவை, முக்கோணத்தில் வடிவத்தைக் கெடுக்கும். ஆகவே சாய்ந்த ஓரம் கட்டத்தின் உட்புறமும் நேரான ஓரங்கள் வெளிப்புறமும் வருமாறு முன்பே திட்டமிட வேண்டும்.

பள்ளிக்கூட ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு நானே தைத்துப் பார்த்தேன். இரு நிறத் துணிகளில் ஒரே அளவுச் சதுரங்கள் வெட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே வருமாறு அடுக்கி, மூலைக்கு மூலை கோடு போட்டேன். கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்தபின் கோட்டின் மேல் வெட்டினேன். விரித்தால் இரு நிறச் சதுரங்கள் இரண்டு. வெட்டும் முன்பே தைத்துவிடுவதால் சாய்ந்த ஓரம் இழுபட வழியில்லை.

முதல் முயற்சியில் அளவு குறைந்தது. மூன்று அங்குலக் கட்டத்துக்கு, இரு பக்கமும் கால் கால் சேர்த்து மூன்றரை அங்குலத்தில் வெட்டியிருந்தேன். சாய்ந்த தையலும் துணியைத் தின்னும் என்பதை மறந்துவிட்டேன். அந்தக் கால் அங்குலம் நேர் ஓரத்தில் அளந்தால் ஏறத்தாழ 0.35 அங்குலம். மொத்தம் 0.85. அதனால்தான் தைப்பவர்கள் முக்காலே அரைக்கால் அங்குலம் கூட்டி வெட்டுகிறார்கள். பிதாகரஸ் தேற்றத்தை நான் படித்தது வகுப்பறையில். அது எதற்கு என்று புரிந்தது இந்தத் துணியில்.

ஓல்ஃபா நிறுவனத்தின் சுழல்கத்தி 1979இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெண்கள் அட்டையிலோ தகரத்திலோ அச்சு வெட்டி, அதைச் சுற்றி வரைந்து, கத்தரியால் வெட்டினார்கள். அந்த அச்சில் கணக்கு முழுவதும் இருந்தது. இன்று இந்தக் கூட்டலைத் தானே செய்துவிடும் முக்கோண அளவுகோல்கள் விற்கின்றன. வாங்குபவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பெண்ணின் நேரம் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் அது இல்லாமல் தைக்க முடியாது என்று நம்பும்போது, முன்பு கையில் இருந்த அறிவு கடையில் வாங்கும் பொருளாகிறது.

முடிந்த போர்வையைத் திருப்பிப் பார்த்தாலும் இந்தக் கணக்கு தெரியாது. தையல் ஓரங்கள் பஞ்சுக்கும் மேல்துணிக்கும் இடையே மூடப்பட்டுவிடும். முனைகள் மழுங்காமல் சந்திக்கின்றன என்பது மட்டுமே அது சரியாக இருந்ததற்குச் சாட்சி. அந்த முனைகளைப் பார்க்கத் தெரியாத விமர்சனம், உழைப்பையும் கணக்கையும் 'இயல்பு' என்று எழுதிவிடுகிறது. பெண்களின் அறிவு இப்படித்தான் குணமாக மாற்றப்படுகிறது. பெயர் அழிந்ததற்கு ஈடாக 'நல்ல கண்' என்ற பாராட்டு போதாது. பெயரைத் தேட முடியாத இடத்தில், அவள் என்ன கணக்குப் போட்டாள் என்பதையாவது எழுத வேண்டும்.