மார்ஷா லினஹன்: பயிற்சியா, பட்ட அனுபவமா?

1977இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியல் துறையில் சேர்ந்தபோது மார்ஷா லினஹன் முப்பதுகளின் நடுவில் இருந்தார். அன்று அவர் கையிலிருந்த தகுதிகளில் மருத்துவ உளவியலைத் தொடுபவை கொஞ்சம்தான். சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகத்தில் 1968இல் இளநிலை, 1970இல் முதுநிலை, 1971இல் முனைவர். அந்த முனைவர் பட்டமும் சமூக உளவியல், ஆளுமை பற்றிய சோதனை உளவியல் ஆகியவற்றைச் சார்ந்தது. நோயாளியின் எதிரே உட்கார்ந்து பேசக் கற்றுத்தரும் படிப்பு அல்ல. பிறகு பஃபலோ நகரின் தற்கொலைத் தடுப்பு மையத்தில் பயிற்சி, ஸ்டோனி புரூக்கில் நடத்தைச் சிகிச்சையில் ஓராண்டு, வாஷிங்டன் டி.சி.யின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை.

1991இல் இவரே இயங்கியல் நடத்தைச் சிகிச்சையின் முதல் ஒப்பீட்டு ஆய்வை வெளியிட்டார். ஆங்கிலச் சுருக்கத்தில் டிபிடி என்று வழங்கும் அந்தச் சிகிச்சை, திரும்பத் திரும்பத் தற்கொலைக்கு முயல்கிறவர்களுக்கும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்கும் இன்று பல நாடுகளில் தரப்படுகிறது. இவ்வளவு மெலிந்த பின்னணியிலிருந்து அது எப்படி வந்தது?

2011க்குப் பிறகு பெரும்பாலோர் சொல்லும் விடை ஒன்றுதான். அந்த ஆண்டு ஜூனில், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் உள்ள மனநல மருத்துவமனையில் கூடியிருந்தவர்கள் முன் லினஹன் தம் கதையைச் சொன்னார். 1961இல், பதினேழு வயதில், அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 26 மாதங்கள் அங்கே இருந்தவர் அவர். மனச்சிதைவு என்று முத்திரை குத்தினார்கள். தோரசின் மருந்து கொடுத்தார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், தனியறையில் அடைத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. வெளியே வந்து சிகாகோவில் காப்பீட்டு நிறுவனமொன்றில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே லொயோலாவில் இரவு வகுப்புகளில் சேர்ந்தார். தாம் மீண்டால் மற்றவர்களையும் மீட்டெடுப்பதாக இறைவனிடம் வேண்டிக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டவர்கள், டிபிடி அந்தத் தனியறையிலேயே பிறந்துவிட்டது, பட்டங்கள் எல்லாம் வெறும் வழிச்சீட்டு என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அந்தக் கதையைக் கேட்டு நெகிழாமல் இருக்க முடியாது. ஆனால் விடையாக அது போதாது. அதே காலத்தில் அதே போன்ற வார்டுகளில் அடைபட்டுக் கிடந்தவர்கள் ஏராளம். பட்ட வேதனை ஒரு சிகிச்சையை வடித்துத் தரும் என்றால் இத்தனை காலம் அது வராமல் இருந்திருக்காது. அனுபவம் ஒருவருக்கு உறுதியைத் தரும். அந்த உறுதி பிழையாக இருக்கக்கூடும் என்று சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை அது தருவதில்லை. தமக்குப் பலித்ததே எல்லோருக்கும் பலிக்கும் என்று நம்பி அதையே மருந்தாக விற்றவர்களால் மனநலத் துறையின் வரலாறு நிறைந்திருக்கிறது. லினஹன் அவர்களில் ஒருவராகிவிடாமல் காத்தது எது என்பதே எடைபோட வேண்டிய விஷயம்.

அந்த இடத்தில் ஸ்டோனி புரூக்கின் ஓராண்டு முன்னே வந்து நிற்கிறது. அங்கே ஜெரால்ட் டேவிசனும் மார்வின் கோல்ட்ஃப்ரீடும் இருந்தார்கள். நடத்தைச் சிகிச்சை தன் பாலப் பருவத்தைத் தாண்டிக்கொண்டிருந்த நேரம். 1976இல் அந்த இருவரும் சேர்ந்து எழுதிய நூல் பிறகு அந்தத் துறையின் அடிப்படைப் பாடநூல்களில் ஒன்றானது. அவர்கள் பள்ளியில் நோயாளியின் அந்தரங்க ஆழத்தைப் பற்றிய ஊகத்துக்கு மதிப்பு இல்லை. எந்தச் செயல் எப்போது நிகழ்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது, எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பதே கேள்வி. அங்கே கற்றது கோல்ட்ஃப்ரீடும் இன்னொருவரும் சேர்ந்து லினஹனோடு 1979இல் வெளியிட்ட கட்டுரையில் தெரிகிறது. தம் மனதில் பட்டதைத் துணிந்து சொல்ல இயலாத பெண்களுக்குத் திறன் பயிற்சி உதவுமா, எண்ணங்களைத் திருத்துவது உதவுமா என்று ஒப்பிட்ட கட்டுரை அது. டிபிடியின் முதுகெலும்பாக இன்றும் இருக்கும் திறன் பயிற்சி வகுப்பின் முன்வடிவம் அதில் இருக்கிறது. மருத்துவமனையில் கழிந்த மாதங்களில் அது இல்லை.

சமூக உளவியல் பட்டத்தைக் குறையாகவே பார்க்கிறவர்கள் 1983இல் வந்த ஒரு கேள்விப் பட்டியலைக் கவனிக்க வேண்டும். ஏன் சாக நினைக்கிறார்கள் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது, சாக நினைத்தும் சாகாமல் இருப்பவர்களைத் தடுத்து நிறுத்துவது எது என்று லினஹனும் சகாக்களும் கேட்டார்கள். சாதாரண மக்களிடமே காரணங்களைக் கேட்டுத் திரட்டி 48 வாசகங்களாகச் சுருக்கினார்கள். சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை, குடும்பத்தின் மீதான பொறுப்பு, பிள்ளைகளைப் பற்றிய கவலை, தற்கொலை செய்துகொள்வது பற்றிய அச்சம், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம், அறம் சார்ந்த தயக்கம் என்று ஆறு கொத்துகள் அதில் கிடைத்தன. நோயாளியை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கேள்வி எளிதில் தோன்றாது. நோயில்லாதவர்களையும் அளந்து பழகிய சமூக உளவியலாளருக்குத்தான் அது இயல்பாக வரும். அவருடைய பட்டியலில் பலவீனமாகத் தெரிந்த பட்டம் இங்கே பலமாகிறது.

அப்படியானால் அந்த 26 மாதங்களுக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் ஊரார் சொல்லும் இடத்தில் இல்லை. மற்ற ஆய்வாளர்கள் தம் ஆய்விலிருந்து விலக்கிவைத்த நோயாளிகளையே இவர் தேடிப் போனார். மிகக் கடுமையான தற்கொலை எண்ணம் உள்ளவர்களை ஆய்வில் சேர்ப்பது ஆபத்து, ஒருவர் இறந்தாலும் ஆய்வாளரின் வாழ்க்கையே குலையும் என்று துறையே அஞ்சிய காலம் அது. நிதி தரும் தேசிய மனநல நிறுவனத்துக்கு நோயின் பெயர் வேண்டியிருந்ததால்தான் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்ற தலைப்புக்குள் அந்த ஆராய்ச்சி வந்தது. யாரைச் சேர்ப்பது என்ற அந்தத் தேர்வை எந்தப் பாடத்திட்டமும் கற்றுக்கொடுக்கவில்லை. இன்னொரு திருப்பத்திலும் அந்த அனுபவத்தின் கை தெரிகிறது. ஸ்டோனி புரூக்கில் கற்றதை இந்த நோயாளிகளிடம் அப்படியே பயன்படுத்தியபோது அவர்கள் கொதித்தார்கள். மாறு, மாறு என்று சொல்வது நீயே தவறு என்று சொல்வதாக அவர்கள் காதில் விழுந்தது. அவர்களை உள்ளபடியே ஏற்றுக்கொள்வதை மட்டும் வைத்துப் பார்த்தாலும் எதுவும் நகரவில்லை. பிறகு அவர் ஜென் தியானத்தைப் போய்க் கற்று, மாற்றத்தையும் ஏற்றுக்கொள்ளலையும் ஒரே அமர்வுக்குள் கொண்டுவந்தார். பள்ளி கற்பித்த கோட்பாடு தோற்பதை ஒப்புக்கொள்ள வைத்தது எண்ணிப் பார்க்கும் பழக்கம். தோற்றதும் அந்த மனிதர்களைக் கைவிடாமல் இருக்க வைத்தது, என் கணிப்பில், அவரே கைவிடப்பட்டுக் கிடந்த காலம்.

1991 ஆய்வை நெருங்கிப் படித்தால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். ஓராண்டு டிபிடி பெற்ற பெண்கள், வழக்கமான சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களைவிடத் தம்மைக் காயப்படுத்திக்கொண்டது குறைவு. சிகிச்சையை நடுவில் விட்டவர்களும் குறைவு. மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களும் குறைவு. ஆனால் மனச்சோர்வு, நம்பிக்கையின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. வாழ்வதற்கான காரணங்களை அளக்க அவரே உருவாக்கிய அந்த 48 வாசகப் பட்டியலிலும் வேறுபாடு இல்லை. தம் கையால் செய்த கருவி தம் சிகிச்சைக்குச் சாதகமாகப் பேசவில்லை என்பதை ஒளிக்காமல் அச்சிட்டிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தம்; அவருடைய பின்னணிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேறில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. லினஹனை ஆய்வாளராக்கியது லொயோலாவும் ஸ்டோனி புரூக்கும்தான். யாருக்காக ஆராய்வது என்பதை முடிவு செய்தது ஹார்ட்ஃபோர்ட். முதலாவது இல்லாமல் இரண்டாவது ஒரு நல்ல நினைவுக்குறிப்பாக முடிந்திருக்கும். இரண்டாவது இல்லாமல் முதலாவது, கூச்சப்படும் பெண்களுக்குப் பேசக் கற்றுத்தரும் பயனுள்ள, சிறிய ஆய்வுகளோடு நின்றிருக்கும்.

இந்தப் பின்னணியின் குறையும் பின்னால் வந்த வேலையில் தங்கிவிட்டது. முதல் ஆய்வு சில பத்துப் பெண்களோடு முடிந்தது. சிகிச்சையை உருவாக்கியவரே கற்பித்தார், அவரே சோதித்தார். 2006இல் 101 பெண்களோடு, அனுபவம் மிக்க வெளிச் சிகிச்சையாளர்களோடு ஒப்பிட்டு நடந்த ஆய்விலும் டிபிடி பெற்றவர்களிடம் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாக இருந்தன. ஆனால் அதுவும் அவருடைய கூடத்திலிருந்தே வந்தது. 2009இல் டொராண்டோவில் ஷெல்லி மெக்மெயின் குழு 180 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டிபிடியும் மறுபாதிக்கு நன்கு திட்டமிட்ட பொது மனநல மருத்துவப் பராமரிப்பும் கொடுத்தது. இரு குழுவும் தேறின. எது மேல் என்று பிரித்துச் சொல்லும் வேறுபாடு இல்லை. பல வகைச் சிகிச்சைகளைப் பல வழிகாட்டிகளின் கீழ் நீண்ட காலம் செய்து பார்த்த பின்னணி அவருக்கு இருந்திருந்தால், சிகிச்சையின் பெயரைவிட ஒழுங்கும் இடைவிடாத தொடர்பும் செய்யும் வேலை எவ்வளவு என்ற கேள்வியை அவரே தம் முதல் ஆய்வில் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியை வேறொருவர் வேறொரு ஊரில் கேட்க 18 ஆண்டுகள் ஆயின.